கலாநிதிப் பரீட்சைக்கு நான் கொண்டுபோன மூன்று பொன்னாடைகள்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதை முதலில் சொன்னால்தான் மிச்சத்தின் பெறுமதி விளங்கும். இந்த நாட்டில் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த ஆங்கிலம் 'யெஸ் சேர்', 'நோ சேர்' இரண்டும்தான்; அதிலும் எதை எப்போது சொல்வது என்பதில் குழப்பம் இருந்தது. அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு பதினெட்டுச் சக்கர ட்ரக் ஓட்டும் லைசன்ஸ் எடுத்தேன். (எழுத்துச் சோதனையில் மூன்று தரம் விழுந்தேன். நாலாம் தரம் விடைத்தாள் திருத்தினவருக்கே அலுத்துப் போயிருக்கவேணும்.) யாரோ கழித்துவிட்ட ஒரு பழைய ட்ரக்கில் தொடங்கி இன்றைக்கு ஏழு ட்ரக். ஸ்காபரோவில் ட்ரக் நிறுத்தச் சொந்த யார்ட். ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கத்தில் வீடு. அந்த வீட்டுக்குப் பின்னால் என் கையாலேயே மரத்தளமாக ஒரு டெக் கட்டினேன், நகரசபைச் சிற்றிக்காரர் வந்து பார்த்துக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன், பெர்மிற் எடுத்துத் திரும்பவும் கட்டினேன், முன்னையதைவிட இரண்டடி அகலமாக. எங்கள் ஊர்ச் சங்கத்தின் முதல் ஒன்றுகூடலுக்குக் கூடாரம் அடித்ததும் நான்தான். பாதி காற்றோடு போய்விட்டது, உண்மை. மற்றப் பாதி இன்னும் பாவனையில் இருக்கிறது.

இவ்வளவையும் கட்டிய அதே கையால், ஒரு வெள்ளிக்கிழமை காலை, பத்தே நிமிடத்தில், என் மகள் ஆறு வருடமாகக் கட்டியதை இடிக்கப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் கதை இது. ஒருத்தரும் சரியாகச் சொல்வதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

மகளின் பெயர் ஆரணி. ஒரே பிள்ளை. அவள் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு என்ன படிக்கிறாள் என்று கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், "விண்வெளி" என்பேன். "ரொக்கெற்றோ?" என்பார்கள். "அதுக்கும் மேல" என்பேன். அதற்கு மேல் அவர்களும் கேட்கமாட்டார்கள், எனக்கும் தெரியாது. ஐந்து வருடம் இந்த ஒப்பந்தம் நன்றாகவே ஓடியது.

ஆறாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பிள்ளை, நீ உண்மையா என்னதான் பாக்கிறாய்? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு" என்றேன்.

அவள் தன் தட்டிலிருந்த இடியப்பத்தில் ஒரு இழையைப் பிரித்து எடுத்தாள். "அப்பா, இது சூரியனிலையிருந்து வாற காந்தக் கோடு எண்டு வையுங்கோ." இன்னொரு இழையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "இது பூமியின்ர கோடு. ஒண்டு மேல பாத்துப் போகுது, மற்றது கீழ பாத்துப் போகுது. சும்மா இருந்தா ஒண்டும் நடக்காது. ரெண்டையும் ஏதோ ஒண்டு நெருக்கினா, நடுவிலை அறுந்து, இதின்ர தலை அதின்ர காலோட ஒட்டும்."

இரண்டு இழையையும் நடுவில் கிள்ளி மாற்றி ஒட்டிக் காட்டினாள். இரண்டு கோடும் இப்போது வளைந்த கவண் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

"வளைஞ்சது நிமிரப் பாக்கும். நிமிரேக்கை அதிலை இருக்கிறதையெல்லாம் ரெண்டு பக்கமும் தூக்கி எறியும். அண்டைக்கு ரொறன்ரோ வானத்திலை பச்சை வெளிச்சம் வந்ததெண்டு எல்லாரும் படம் எடுத்துப் போட்டினமே, அதுக்குப் பின்னாலயும் இந்த அறுந்து ஒட்டிற அலுவல் இருக்கு."

"எதைத் தூக்கி எறியும்?"

சம்பலைத் தொட்டாள். "தேங்காய்ப்பூ அயன். மிளகாய்த்தூள் இலத்திரன். ரெண்டும் மின்னேற்றம் உள்ள துணிக்கையள். அங்க மேல ரெண்டும் கலந்துதான் கிடக்கு. ரெண்டும் கோட்டைச் சுத்திச் சுத்தித்தான் ஓடும். இலத்திரன் லேசு. அது சின்ன வட்டமாச் சுத்தும். கோடு எப்பிடி வளைஞ்சாலும் கூடவே வளையும். அயன் பாரம். அதின்ர வட்டம் பெரிசு. அறுந்து ஒட்டிற இடத்திலை கோடு சடாரெண்டு திரும்பும். அந்தத் திருப்பம் அயன்ர வட்டத்தைவிடச் சின்னன். அதாலை திரும்ப ஏலாது. கோட்டை விட்டு விலகிப் போயிடும். அந்த விலகின அயன் என்ன செய்யுது எண்டதைத்தான் நான் பாக்கிறன்."

"இதுக்கோ ஆறு வருசம்?" என்றேன். "அம்பத்திமூண்டு அடி ட்ரெயிலரைக் கொண்டுபோய் டவுன்ரவுனிலை ஒரு சந்துக்கை திருப்பிப் பார். காருக்கு அது ரோட்டு. எனக்கு அது சுவர். ட்ரக்கின்ர வளைவு வட்டம் ரோட்டைவிடப் பெரிசெண்டா, ரோட்டு என்ன சொன்னாலும் ட்ரக் கேக்காது. என்னட்டைக் கேட்டிருந்தா முதல் வருசமே சொல்லியிருப்பன்."

ஆரணியின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. "திரும்பச் சொல்லுங்கோ" என்றாள்.

திரும்பவும் சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் மனைவி பத்மா, "சாப்பிடு பிள்ளை, ஆறுது" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் இந்த இடத்தை வாசகர்கள் கவனத்தில் வைத்திருக்கவேணும். கடைசியில் கேட்பேன்.

இன்னொன்றும் கேட்டேன். "அப்ப, கோட்டை விட்ட அயன் பள்ளத்துக்கையோ விழும்?"

"இல்லை அப்பா. கொஞ்ச நேரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாத் தடுமாறும். ஆனா அந்தத் தடுமாற்றத்திலைதான் அது வேகம் எடுக்கிறது. பிறகு புதுக் கோட்டிலை ஏறிப் போயிடும்."

தடுமாறிக்கொண்டு வேகம் எடுத்த ஒருத்தரை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடிக்கு முன்னால் முகம் வழிக்கும்போது தினமும் பார்க்கிறேன்.

அடுத்த பங்குனியில் அவளுக்குக் கடைசிப் பரீட்சை வந்தது. எழுதுகிற பரீட்சை இல்லை. முன்னுக்கு நின்று பேசுகிற பரீட்சை. "ஒரு மணித்தியாலம் பேசுவன். பேச்சுக்கு வெளியாக்களும் வரலாம். பிறகு பரீட்சகர் மூண்டு பேரும் கேள்வி கேப்பினம். நீங்களும் அம்மாவும் வாங்கோ. பின்வரிசையிலை இருங்கோ. கதைக்கக்கூடாது அப்பா" என்றாள். "நானேன் கதைக்கப் போறன்?" என்றேன்.

உண்மையைச் சொன்னால், 'வெளியாக்களும் வரலாம்' என்ற இடத்தோடு என் காது மூடிக்கொண்டது. ஒரு பெண்பிள்ளை தனியாக மேடையில் நிற்கிறாள், பெரிய மனிதர் முன்னால் இருக்கிறார்கள், வருடக்கணக்காகப் பழகியதை ஒரு மணித்தியாலத்தில் காட்டுகிறாள். இதற்கு இந்த நகரத்துத் தமிழரிடம் ஒரேயொரு பெயர்தான் இருக்கிறது: அரங்கேற்றம். நான் மற்றவர்களின் பிள்ளைகளின் அரங்கேற்றங்களில் எத்தனை சனிக்கிழமை இருந்து எழும்பியிருக்கிறேன்! ஆரணி பன்னிரண்டு வயதில் நடனத்தை விட்டாள். கணுக்கால் நோகிறது என்றாள். வகுப்பை நிற்பாட்டின அடுத்த நாளே கணுக்கால் சுகமாகிவிட்டது. ஆகவே எனக்கு ஒரு அரங்கேற்றம் பாக்கி இருந்தது.

அழைப்பிதழை வாட்ஸப்பில் விட்டேன். 'செல்வி ஆரணி செல்வராசாவின் கலாநிதி அரங்கேற்றம்.' படத்துக்கு, பதினொரு வயதில் நடன உடுப்போடு எடுத்ததைப் போட்டேன். அவள் கமராவை நேரே பார்த்த கடைசிப் படம் அதுதான். வீடியோவுக்குக் குலம் அண்ணையைப் பிடித்தேன். அவர் இல்லாமல் இங்கே ஒருத்தருக்கும் தாலி ஏறுவதில்லை. பிரதம விருந்தினர் என்றால் பொன்னாடை வேணும்: பரீட்சகர் மூன்று பேருக்கும் மூன்று, நல்ல சரிகைக் கரையோடு. பொன்னாடை இருந்தால் நினைவுச் சின்னமும் மூன்று வேணும். மரப்பலகையில் பொன்னிறத் தகடு அடித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவித்தேன்: 'கலாநிதி ஆரணி செல்வராசாவை உருவாக்கிய பெருந்தகைக்கு.' கீழே திகதி. பத்மா மட்டும் ஒருக்கால் கேட்டாள், "பிள்ளையிட்டைச் சொன்னியளோ?" என்று. "சொன்னா எப்பிடி சர்ப்பிறைஸ்?" என்றேன்.

அந்த அறையில் இருபத்தைந்து கதிரை. நாங்கள் முப்பத்தெட்டுப் பேர் போனோம். பட்டுச்சேலைகள் வாசலில் நெருங்கியபோது ஆரணி முன்னால் குனிந்து கம்பியூட்டருக்கு வயர் கொளுவிக்கொண்டு நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். குலம் அண்ணை சரியாக அந்த நேரத்தில் லைற்றைப் போட்டார்.

"அப்பா, என்ன இது?"

"ஒண்டுமில்லை பிள்ளை. நீ உன்ர வேலையைப் பார்."

பரீட்சகர் மூன்று பேரும் வந்தார்கள். முதலாமவர் அவளுடைய பேராசிரியை. இரண்டாமவர் அதே பல்கலைக்கழகத்தவர். மூன்றாமவர் வெளியிலிருந்து வந்தவர், அன்று காலைதான் விமானத்தில் இறங்கியவர். ஒடிசலான, நெட்டையான, சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்த மாதிரி ஒரு மனிதர். இவர்களுக்கு மேலே நடத்துநராக ஒரு அம்மா. அவர் வாயைத் திறக்க முன்னம் நான் எழும்பி, "வண் மினிற் பிளீஸ்" என்றேன்.

எங்கள் வழக்கத்தில் பொன்னாடை முதலில்தானே. பேராசிரியைக்குப் போர்த்தேன், குனிந்து வாங்கிக்கொண்டார், சந்தோசம்தான். இரண்டாமவர் கூச்சப்பட்டுச் சிரித்தார். மூன்றாமவருக்கு எட்டிப் போர்க்கவேண்டியிருந்தது. குலம் அண்ணை "சேர், லுக் ஹியர்" என்றார். நான் பலகையைக் கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். என் ட்ரக்கை மறித்து லொக்புக் பார்க்கிற பொலிஸ்காரர் மாதிரி, மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே.

"இதில் இவரை டொக்டர் என்று எழுதியிருக்கிறது" என்றார், ஆங்கிலத்தில்.

"யெஸ் சேர்."

"இன்றைய திகதியும் இருக்கிறது."

"யெஸ் சேர். நான் ரெண்டு தரம் செக் பண்ணினனான்."

"நான் இன்னும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை."

குலம் அண்ணை லைற்றை அணைத்தார். நடத்துநர் அம்மா எழும்பி, எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். ஆரணியையும்.

நடைகூடத்தில் பட்டுச்சேலையும் தின்னக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியுமாக முப்பத்தெட்டுப் பேர் சுவரோடு ஒட்டி நின்றோம். பத்து நிமிடத்தால் நடத்துநர் அம்மா வந்து ஆரணியிடம் மெதுவாகச் சொன்னார். பரீட்சைக்கு முன்னம் பரீட்சகருக்குப் பரிசு கொடுத்தது பிரச்சினை. வெளிப் பரீட்சகர் நியாயமாகவே தயங்குகிறார். ஒத்திவைக்கவேண்டி வரலாம். எப்போது வரைக்கும் என்று ஆரணி கேட்டாள். அவர் திரும்பி வருவதென்றால் கோடை முடிந்த பிறகுதான்.

மேற்குக் கரையில் ஆரணிக்கு ஒரு ஆராய்ச்சி வேலை கிடைத்திருந்தது. சித்திரை முடிய அங்கே நிற்கவேணும், பட்டத்தோடு. இல்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பலகை அடித்தேன்.

ஆரணி என்னிடம் வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "பின்வரிசையிலை இருங்கோ எண்டுதானே சொன்னனான்" என்றாள். அவ்வளவுதான். போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்மா பக்கத்தில் வந்தாள். "உங்களுக்கு முன்னுக்குப் போகத்தான் தெரியும். திரும்பத் தெரியாது" என்றாள். முப்பத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னைப்பற்றிச் சொன்னதில் இதுதான் மிகச் சுருக்கமானது, மிகச் சரியானதும்.

நான் போய்க் கதவைத் தட்டினேன்.

நடத்துநர் அம்மா இரண்டு நிமிடம் தந்தார். என்னிடம் இருந்த ஆங்கிலம் முழுவதையும் எடுத்தேன். "சேர், நாங்கள் பொன்னாடையை முதல்லைதான் போடுவம். முடிஞ்ச பிறகு போட்டா அது முடிவுக்குக் குடுக்கிறது. முதல்லை போட்டா, வந்த ஆளுக்குக் குடுக்கிறது. நீங்கள் தூரத்திலையிருந்து என்ர பிள்ளையின்ர பேச்சைக் கேக்க வந்தனீங்கள். அதுக்குத்தான்." (இதை முன்னமே யோசித்து வைத்திருந்தேன் என்று நினைக்கவேண்டாம். கதவுக்கும் மேசைக்கும் இடையிலிருந்த நாலு அடியில் உதித்தது.)

நெட்டை மனிதர் என்னைப் பார்த்தார். "நான் உங்கள் மகளைப் பெயிலாக்கினாலும் இது எனக்கோ?"

"உங்களுக்குத்தான் சேர். ரோல்ஸும் கட்டித் தருவம்."

வாயோரத்தில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. "சரி. அப்போது இந்தப் பலகை?"

இந்தத் தரம் உண்மைதான் வாயில் வந்து விழுந்தது. "சேர், அது பிழை. அது உங்களுக்குச் செய்ததில்லை. வெளியிலை நிக்கிற என்ர ஆக்களுக்குக் காட்டச் செய்தது. பிள்ளைக்குத் தெரியாது. நான் கொண்டு போறன். அவ ஆறு வருசம் வேலை செய்தவ. நான் பத்து நிமிசம்தான் செய்தனான்."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். நடத்துநர் அம்மா ஒரு தாளில் எதையோ நீளமாக எழுதினார். (அந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவில் என் பெயர் ஏறியது இப்படித்தான்.) பரீட்சை முடியும்வரை பொன்னாடையும் வேண்டாம் என்றார்கள்; மூன்று பொன்னாடையையும் மூன்று பலகையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆரணியை உள்ளே கூப்பிட்டார்கள். பரீட்சை நடக்கும், ஆனால் வேறு ஒருத்தரும் வரக்கூடாது. அவளுக்காக நான் கூட்டிய சபை முழுவதும், அவள் பேசியதில் ஒரு சொல்லும் கேட்காமல், நடைகூடத்தில் நின்றது.

அந்தக் கதவில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. சத்தம் வராது, படம் மட்டும் தெரியும். நான் அதில் முகத்தை வைத்தேன், பத்மா பின்னால் இழுத்தாள், திரும்பவும் வைத்தேன். பேச்சு முடிந்தது. கேள்வி தொடங்கியது. நெட்டை மனிதர் முன்னுக்குச் சரிந்து எதையோ கேட்டார். ஆரணி சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் ஒரு கோடு கீறினாள். சட்டென்று வளைகிற கோடு. அந்த வளைவுக்கு மேலே, வளைவைவிடப் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள். அவர் தலையை ஆட்டினார், போதாது என்கிற மாதிரி.

பிறகு மார்க்கரைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் அகல விரித்து, தாம்பாளம் மாதிரிக் கிடக்கிற ஒரு பெரிய ஸ்டியரிங்கைக் காற்றில் பிடித்தாள். கைமேல் கை மாற்றி இழுத்தாள். உடம்பையும் இடப்பக்கம் சாய்த்தாள். நெட்டை மனிதர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், அவரும் தன் இரண்டு கையையும் தூக்கி ஒருதரம் திருப்பிப் பார்த்தார்.

பாஸ். நடத்துநர் அம்மா கதவைத் திறந்து 'டொக்டர்' என்ற சொல்லோடு அவளைக் கூப்பிட்டபோது, குலம் அண்ணையின் லைற் திரும்பவும் எரிந்தது. நெட்டை மனிதர் ரோல்ஸ் நாலு சாப்பிட்டார். பொன்னாடையைத் தானே கேட்டு வாங்கிப் போர்த்துக்கொண்டார். பலகையை மட்டும் வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வரும்போது ஆரணி காரின் பின் ஆசனத்தில் இருந்தாள். மார்க்கத்துக்குக் கிட்ட வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, நான் பெயிலாகியிருந்தா அந்தப் பலகையளை என்ன செய்திருப்பியள்?"

"யார்ட் ஒஃபிசிலை மாட்டியிருப்பன்."

"டொக்டர் எண்டு எழுதினபடியோ?"

"வேறை என்னெண்டு? ஆறு வருசம் ஓடின ஆளுக்குப் பாதை தெரியாதெண்டு ஆர் சொல்லுறது?"

பின்னால் ஒரு சத்தம் வந்தது. சிரித்தாளோ அழுதாளோ தெரியாது. நான் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். திரும்ப வேண்டிய சந்தியும் அதில் தவறிப் போனது. "அப்பான்ர வளைவு வட்டம்" என்றாள் பத்மா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது நிலையாகிவிட்டது. நான் அளவுக்கு மேல் பேசினாலும் சரி, கேட்காத இடத்தில் புத்தி சொன்னாலும் சரி, "அப்பான்ர வளைவு வட்டம் பெரிசு, தள்ளி நில்லுங்கோ" என்கிறார்கள். கல்யாண வீடுகளிலோ, "ராசண்ணை, பொன்னாடை முதலோ பிறகோ?" என்று கேட்காத ஆள் இல்லை. பலகைகள் யார்ட் ஒஃபிசில்தான் இருக்கின்றன. இரண்டு சுவரில் தொங்குகின்றன, ஒன்று கதவு மூடாமல் முண்டு கொடுக்கிறது.

சித்திரையில் அவள் மேற்குக்குப் போனாள். விமான நிலையத்திலிருந்து திரும்பியபோது காரின் பின் ஆசனத்தில் ஒருத்தரும் இல்லை. அறுந்த கோடு அறுந்தபடி நிற்காது, வேறொன்றோடு போய் ஒட்டும் என்று அவளே இடியப்பத்தில் காட்டியிருக்கிறாள். விளங்குகிறது. விளங்கினால் நோகாது என்று அவள் சொல்லவில்லை.

அவளுடைய ஆய்வுப் புத்தகம் தபாலில் வந்தது. நன்றிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'அம்மாவுக்கும் அப்பாவுக்கும், சாப்பாட்டுக்கும் பொறுமைக்கும்.' சாப்பாடும் பொறுமையும் இரண்டுமே பத்மாவுடையது. என்னுடையது எங்கே? ரெலிபோனில் கேட்டேன்.

"அப்பா, புத்தகம் கட்டியாச்சு."

"நீ அண்டைக்கு ஸ்டியரிங் பிடிச்சனீ. நான் கண்ணாடியாலை பாத்தனான்."

"ஐயோ அப்பா, அது அயன் சுத்திறதைக் காட்டினது. எல்லாரும் அப்பிடித்தான் கையாலை காட்டுவினம்."

"எல்லாரும் ஒரு விரலாலைதான் வட்டம் காட்டுவினம். கைமேல கை மாத்தி, உடம்பைச் சாய்ச்சு இழுக்கிறது ட்ரக்கிலை பக்கத்து சீற்றிலை இருந்து பாத்த ஆளுக்குத்தான் வரும். எட்டு வயசிலை என்னோட மொன்றியலுக்கு வந்து, காலை டாஷ்போர்டிலை போட்டுக்கொண்டு இருந்தது ஆர்?"

"சரி, அடுத்த கட்டுரையிலை பாப்பம்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு கட்டுரை வந்துவிட்டது. இரண்டையும் கடதாசியில் அடித்து, விளங்காவிட்டாலும் கடைசி வரி வரைக்கும் தேடினேன். இல்லை.

ஆகவே சாட்சிகள் முன்னிலையில், இந்தப் பக்கத்திலேயே கேட்கிறேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். அயன் கோட்டை விட்டு விலகுகிற அந்தப் படத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஒரு வரி போதும்: 'வளைவு வட்டம்: செல்வராசா, ட்ரக் சாரதி, மார்க்கம்.' எழுத்துப் பிழை இல்லாமல். நான் இரண்டு தரம் செக் பண்ணுவேன்.